கைக்குழந்தையோடு கப்பல் பயணம்: மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

கேள்வி: டாக்டரம்மாவுக்கு ஸலாம். நாங்கள் கீழக்கரை. என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வரும் மே விடுமுறையில் எங்களை அங்கே வரவழைத்து, சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போடப் போகிறார். இறங்கிய மறுநாளே கப்பல். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்றரை வயது. மாமியும் வருகிறார்கள். ஆனால் 'கைக்குழந்தையை நடுக்கடலில் வைத்துக்கொண்டு என்னம்மா செய்வே' என்று அவர்களுக்குப் பயம். கப்பல் கம்பெனி அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஏகப்பட்ட சுற்றுலாக்கள் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. வாந்திக்கு இப்போதே மருந்து வாங்கி வைக்கலாமா?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: வஅலைக்கும் ஸலாம். தாராளமாகப் போய் வாருங்கள். பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் ஆறு மாதம் முடிந்த குழந்தையை ஏற்றிக்கொள்கின்றன. நாள்கணக்கில் கரையே தொடாமல் போகும் நீண்ட பயணங்களுக்குத்தான் ஒரு வயது முடிந்திருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் மகள் இரண்டையும் தாண்டிவிட்டாள். ஆனாலும் மாமியின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் கேட்ட 'என்ன செய்வே' என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பதில் உங்களிடம் இருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன்பே இருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் பல வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். வெளிநாட்டுப் பயணம் முடிந்து என்னிடம் வரும் பிள்ளைகளில் கடல் படுத்தியவர்கள் குறைவு. தூக்கம் கெட்டு, சாப்பாடு தப்பி, வெயிலில் அலைந்து துவண்டு வருபவர்கள்தான் அதிகம். அதனால் சுற்றுலாப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. கப்பலும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் போகும். 'காலை 7.30க்கு எல்லோரும் கூட வேண்டும்' என்று ஒரு சுற்றுலாச் சீட்டில் போட்டிருந்தால், உங்கள் மகளின் உடம்புக்கு அது விடிகாலை ஐந்து மணி. அந்த நேரத்தில் எழுப்பி, பால் குடிக்க வைத்து, பஸ்ஸில் ஏற்றினால் யாருக்கும் நிம்மதி இராது. வீட்டில் மதியம் ஒரு மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்குக் கப்பலில் மூன்றரைக்குத்தான் கண் சொக்கும். இரவு ஒன்பதுக்குப் படுக்கிறவள் அங்கே பதினொன்றரை வரை விழித்திருப்பாள்.

உடம்பின் கடிகாரம் புது ஊர் நேரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஆகவே முதல் யோசனை இதுதான்: இறங்கிய மறுநாளே கப்பல் ஏற வேண்டாம். மூன்று நான்கு நாள் உங்கள் கணவரின் வீட்டிலேயே இருந்துவிட்டு அப்புறம் ஏறுங்கள். தேதி மாற்ற முடியாது என்றால், பிள்ளைகளை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். நான்கு நாளுக்காக அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கப்பலில் ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பாட்டம் அவர்களுக்குச் சாயங்காலம் ஆறரை மாதிரிதான், கொட்டக் கொட்ட விழித்திருந்து பார்ப்பார்கள். காலையில் மட்டும் ஒன்பதரை வரை தூங்க விடுங்கள். கரைக்குப் போவதானால் பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த இடைவெளிக்குள் அடங்காத எந்தச் சுற்றுலாவையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். முக்கால்வாசி போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் பேரனுக்கு மூன்று வயதாகும்போது ஒரு துறைமுகத்தில் 'அரை நாள் படகுச் சுற்றுலா' என்று சீட்டு வாங்கினோம். பஸ் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போகும்போது பஸ்ஸில் அசந்து தூங்கினான். படகுத்துறையில் எழுப்பினோம். கண்ணைத் திறந்தவன் தெரியாத இடம், தெரியாத முகம், டீசல் நாற்றம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து அலறியவன், படகு திரும்பும் வரை என் சேலைத் தலைப்பை முகத்தில் மூடிக்கொண்டே இருந்தான். எங்களைச் சுற்றி எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் எந்தச் சுற்றுலாவானாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'வண்டியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நேரம்?' அரை மணிக்கு மேல் என்றால் சின்னப் பிள்ளைகளோடு போவதில்லை.

இந்தக் கணக்கில் பினாங்கு உங்களுக்கு அருமையான துறைமுகம். கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையை ஒட்டியே நிற்கும். படி இறங்கி வெளியே வந்தால் ஊர். சற்று நடந்தால் விக்டோரியா ராணி மணிக்கூண்டு, அதன் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை, கடலோரப் புல்வெளி. உங்கள் மகனுக்குப் பீரங்கி ஒன்றே போதும். அங்கிருந்து மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை மாமிக்குக் காட்டாமல் வராதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டகை பெயரில் ஒரு தர்காவும் இருக்கிறது. மரக்காயர்கள் பாய்மரக் கப்பல் ஓட்டிய ஊரிலிருந்து போகிறீர்கள். 'நம்ம ஊர் அப்பாமார் வந்து இறங்கிய கரை இது' என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அவன் பிடித்துக்கொள்வான். பசிக்கு நாசி கண்டார் கடைகள் இருக்கின்றன, சோறும் ஹலால் குழம்பும் கிடைக்கும். மகளுக்கு வெறும் சோற்றில் காரமில்லாத பருப்பும் ஆம்லெட்டும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஐஸ் போட்ட சர்பத்தும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம்.

பினாங்கு மலை ரயில் எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும். 1923 முதல் ஓடுகிறது, நல்ல இடம்தான். ஆனால் துறைமுகத்திலிருந்து வண்டி பிடித்துப் போக வேண்டும், கூட்ட நாளில் வரிசையிலும் நிற்க வேண்டும். மகனும் அவன் வாப்பாவும் மட்டும் போய்வரட்டும். நான்கு பேரும் மாமியும் எப்போதும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

புக்கெட் வேறு கதை. அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சின்னப் படகில் இறக்கி, கரைக்குக் கொண்டுபோவார்கள். கப்பல் ஒரு பக்கம் அசையும், படகு ஒரு பக்கம் அசையும். இரண்டுக்கும் நடுவே ஒரு எட்டு வைக்க வேண்டும். ஊழியர்கள் கையைப் பிடித்து ஏற்றுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தள்ளுவண்டியை மடித்துத் தூக்க வேண்டும், குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பையில் வைத்திருக்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மாமிக்கு முழங்கால் வலி இருந்தால் அன்று அவர்கள் கப்பலிலேயே இருப்பது நல்லது.

அப்புறம் காற்று. நம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கச்சான் காற்று வீசத் தொடங்கும் அதே பருவத்தில்தான் அந்தமான் கடலிலும் தென்மேற்குக் காற்று பிடிக்கும். மே மாதம் போகப் போக அலை கூடும். அலை பெரிதானால் சின்னப் படகை இறக்க மாட்டார்கள், புக்கெட்டையே ரத்து செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கடற்கரையிலும் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள், காலை இழுக்கும் நீரோட்டம் இருக்கும். மலாக்கா நீரிணை அப்படியில்லை, சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் அமைதி. கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடலான பாக் விரிகுடா சும்மா கிடக்குமே, அந்த மாதிரி. முடிந்தால் ஏப்ரல் கடைசிக்குத் தேதியை நகர்த்துங்கள். டிசம்பர் அரையாண்டு விடுமுறை அந்தமான் கடலுக்கு இன்னும் நல்லது. உங்கள் மகன் படிக்கும் வகுப்புக்கு நான்கு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

புக்கெட் பட்டியலில் பிபி தீவுக்கு ஸ்பீட் போட், பாங் நா வளைகுடா, யானைச் சவாரி, புலியோடு படம் எல்லாம் இருக்கும். ஸ்பீட் போட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையை ஏற்றாதீர்கள். அலை மேல் மோதி விழும் ஒவ்வொரு அடியும் மடியில் இருக்கும் பிள்ளையின் கழுத்துக்கும் முதுகுக்கும் போகும். யானை, புலி, குரங்கு எதன் பக்கத்திலும் போக வேண்டாம். தாய்லாந்தில் வெறிநோய் இருக்கிறது. குரங்கோ நாயோ பிராண்டினாலும் சரி, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டாக வேண்டும். இதற்குப் பயந்தாவது தள்ளி நில்லுங்கள்.

அப்படியானால் புக்கெட்டில் என்னதான் செய்வது? காற்று இல்லையென்றால் பத்தரைக்கு இறங்கி, பட்டோங் மணலில் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, இளநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். இல்லாவிட்டால் இறங்கவே வேண்டாம். ஊரே கரைக்குப் போயிருக்கும் நாளில் கப்பல் காலியாகக் கிடக்கும், சறுக்குமரத்துக்கு வரிசை இருக்காது, சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்த மேசை கிடைக்கும். உங்கள் மகனின் நினைவில் அந்த நாள்தான் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு கொடுத்த துறைமுகத்தைப் பார்க்காமல் விட்டோமே என்ற வருத்தம் பெரியவர்களுக்குத்தான்.

இறங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் உங்கள் போன் தானாகவே அந்த நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். 'நான்கு மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்' என்றால் போனில் மூன்று மணிக்கே திரும்ப வேண்டும் என்று அர்த்தம். கப்பல் கம்பெனியின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், நீங்களாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி வாந்தி மருந்து. மகளுக்கு எதுவும் வாங்காதீர்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குப் பயண வாந்தி பொதுவாக வருவதில்லை. மருந்துதான் ஆபத்து. அவோமின் போன்ற மாத்திரைகளில் இருக்கும் புரோமெத்தசின், இரண்டு வயதுக்குக் கீழ் கொடுத்தால் மூச்சையே மந்தமாக்கிவிடும். விமானத்தில் தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டும் பிளாஸ்டர் பிள்ளைகளுக்கு ஆகாது.

மகனுக்கு வரலாம், அவன் வயதுதான் அதற்கு. ஏர்வாடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ காரில் போகும்போது வாந்தி எடுக்கிற பிள்ளையா? அப்படியென்றால் புறப்படும் முன் என்னிடமோ உங்கள் டாக்டரிடமோ அழைத்து வாருங்கள், எடைக்கு ஏற்ற அளவை எழுதித் தருகிறோம். வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும், சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குப் பதிலாகத் துள்ளல் வந்துவிடும். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமாகக் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. தலை சுற்றுகிறது என்றால் போனைப் பிடுங்கிவிட்டு மேல்தளத்துக்கு அழைத்துப் போய், தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஐந்தாறு பாக்கெட் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நம் கரையிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரங்காட்டுக்குப் போங்கள். வனத்துறை ஏற்பாட்டில் ஊர்க்காரர்களே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், வடகடல் ஓரம், அலை இராது. படகு ஏறும் முன் மகனுக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டி, பட்டையை இறுக்கி, இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். சட்டை மோவாயைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது அவனுக்குப் பெரிது, தண்ணீரில் விழுந்தால் உருவிக்கொள்ளும். கால் நடுவே போகும் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள். இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பழகிவிட்டால், வெளிநாட்டில் எந்தப் படகிலும் கை தானாகப் போய் இழுத்துப் பார்க்கும். குழந்தைக்குப் பொருந்தும் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். மகள் படகில் எப்படி இருக்கிறாள், எத்தனை நிமிடத்தில் நெளியத் தொடங்குகிறாள் என்றும் பாருங்கள். அதுதான் உங்கள் சுற்றுலாவின் அளவு.

பெரிய கப்பலில் பிள்ளைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனி உயிர்காப்புச் சட்டைகள் இருந்தே ஆக வேண்டும் என்பது சர்வதேச விதி. 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு விதியை இன்னும் இறுக்கினார்கள். ஆபத்துக்கால ஒத்திகையைப் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும். அதற்கு எல்லோரும் போங்கள், மாமியும்தான். எந்த இடத்தில் கூட வேண்டும் என்று எழுதிய கைப்பட்டையைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிடுவார்கள், அதைக் கழற்றாதீர்கள்.

அறையில் இரண்டு இடம் கவனம். பால்கனி உள்ள அறையென்றால் அங்கே கிடக்கும் நாற்காலியையும் சின்ன மேசையையும் முதல் நாளே உள்ளே போட்டுவிடுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நாற்காலி என்றால் ஏணிதான். கதவின் மேல்தாழை எப்போதும் போட்டு வையுங்கள். காசு மிச்சமாகட்டும் என்று பால்கனி இல்லாத அறை எடுத்தால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன். இரண்டாவது, அறைக் கதவு. கனமானது, தானாக மூடும். கீல் பக்கம் விரல் வைத்தால் நசுங்கிவிடும். கழிவறை வாசலில் ஒரு மேடு இருக்கும், அதில் தடுக்கி விழாத பிள்ளை இல்லை. அப்படியே வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள். கப்பலில் கிடைக்காது, ஒன்றரை வயதுக் குழந்தையோடு அது இல்லாமல் திண்டாடிப் போவீர்கள்.

டயபர் போடும் குழந்தைகளைப் பொதுவாகக் கப்பல் நீச்சல் குளத்தில் விட மாட்டார்கள், நீச்சல் டயபர் போட்டாலும்தான். சில கப்பல்களில் அவர்களுக்கென்று நீர் தெளிக்கும் சின்ன இடம் இருக்கும், டிக்கெட் போடும்போதே கேளுங்கள். மகன் குளத்தில் இறங்கினால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். சிறுவர் கூடத்துக்குப் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து சேர்ப்பார்கள். மகனை முதல் தடவை விடும்போது கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருங்கள். 'பாத்ரூம்', 'தண்ணி', 'உம்மாவைக் கூப்பிடுங்க' இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கியிருந்தால் அவனுக்குத் தைரியம் வரும்.

நோரோ வைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வந்தால் கப்பலில் வேகமாகப் பரவும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதை அவ்வளவாகக் கொல்லாது. சாப்பிடும் முன் இரண்டு பிள்ளைகளின் கையையும் சோப்புப் போட்டு இருபது நொடி கழுவிவிடுங்கள்.

தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு, பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாருங்கள். மகளுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய தட்டம்மை இரண்டாவது தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் முடிந்திருக்க வேண்டும். ஃப்ளூ ஊசி முதல் தடவையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணை போட வேண்டும், அதனால்தான் இரண்டு மாதம் என்கிறேன். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் டாலரில். கப்பலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். நடுவில் மலேசியாவும் தாய்லாந்தும் போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள், உங்கள் சிங்கப்பூர் விசா ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கிறதா என்று உங்கள் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமியிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். காரங்காட்டுக்குப் போகும் அன்று அவர்களையும் படகில் ஏற்றுங்கள். அவர்கள் படகில் எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று பார்த்தால் புக்கெட்டில் அவர்கள் இறங்கலாமா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும்.